கையெழுத்துப் போட்டது யார்?

பழைய படங்கள், பழைய நாவல்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழிலும் பதில் சொல்கிறார், பத்திரப் பதிவுத் துறையில் எழுத்தராகச் சேர்ந்து சார்பதிவாளராக ஓய்வு பெற்ற நம் பத்தியாளர்.

கேள்வி: ‘எழுதி ஐம்பது வருடம் ஆகியும் இன்றைக்கும் பொருந்துகிறதே’ என்று சில நாவல்களைப் புகழ்கிறார்கள். அது எழுதியவரின் பெருமையா, நம்முடைய சிறுமையா? – தமிழாசிரியர் ஒருவர்

பாதி, எழுதியவருக்குச் சேர வேண்டிய பாராட்டு. மீதி, மாநகராட்சிக்குப் போக வேண்டிய புகார் மனு.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ 1973இல் புத்தகமாக வந்தது. சென்னையின் ஒரு தெரு, குடங்கள், அடிகுழாய், ஜமுனா, அவள் தங்கை சாயா. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அப்போது அந்த நாவலை மீண்டும் எடுத்துப் படித்தேன். பொருத்தம் என்றால் அப்படியொரு பொருத்தம். ஆனால் தண்ணீர்ப் பஞ்சத்தைச் சொன்னதற்காக மட்டும் அதைப் புகழ்வதானால் பழைய நாளிதழ்க் கட்டு ஒன்றையும் அதே அளவுக்குப் புகழலாம். அந்த நாவல் நிற்பது வேறு காரணத்தால். சினிமா ஆசை காட்டி ஒருவன் ஜமுனாவின் வாழ்க்கையைச் சீரழித்துவிட்டான். தங்கை கோபித்துக்கொண்டு விடுதிக்குப் போய்விடுகிறாள். இருந்தாலும் தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் தீர வேண்டும். உட்கார்ந்து அழுவதற்குக்கூட அந்தத் தெரு ஒரு முழு மணி நேரம் தருவதில்லை. நாளைக்கே எல்லா வீட்டிலும் இருபத்து நான்கு மணி நேரமும் குழாயில் தண்ணீர் கொட்டினாலும் இந்த நாவல் செத்துப்போகாது. குறை தீர்ந்த பிறகும் நிற்குமா என்று பார்ப்பதுதான் என் சோதனை. அதில் தேறாதவற்றை ஆவணமாக மதிக்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: தாத்தா இறந்த பிறகு மாமாக்கள் கேட்டார்கள் என்று என் அம்மா தம் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே வாயை மூடிக்கொள்கிறார். இந்த விஷயத்தைத் தொட்ட பழைய தமிழ் நாவல் ஏதாவது உண்டா? – சட்டம் படிக்கும் மாணவி

உண்டு. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆர். சண்முகசுந்தரம் எழுதிய ‘நாகம்மாள்’, 1942. கொங்கு நாட்டுக் கிராமம். கணவனை இழந்த நாகம்மாள், தன் மகள் முத்தாயியோடு கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தில் இருக்கிறாள். சின்னப்பன் கெட்டவன் அல்லன், அவன் மனைவி ராமாயியும் கொடுமைக்காரி அல்லள். இதைக் கவனித்துப் படியுங்கள். கொடுமைப்படுத்தியதால் பங்கு கேட்டாள் என்று எழுதியிருந்தால் நமக்கெல்லாம் எவ்வளவு வசதியாகப் போயிருக்கும்! சண்முகசுந்தரம் அந்த வசதியைத் தரவில்லை. ‘என் புருஷன் பங்கு எனக்கு வேண்டும்’ என்பதுதான் அவள் கேட்பது. ஊரே அதிர்கிறது.

நீங்கள் சட்ட மாணவி என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். இந்து விதவைக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் கணவனின் பங்கைக் கேட்கும் உரிமையை 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கொடுத்தது. அதற்கு முன்பு வரை ஜீவனாம்சம்தான். ஆனால் 1941இல் கூட்டரசு நீதிமன்றம், மாகாணங்களில் உள்ள விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டது. விவசாய நிலம் மாகாணங்களின் அதிகார வரம்புக்குள் வருவது என்பது காரணம். சென்னை மாகாணம் தனியாக ஒரு சட்டம் இயற்றி அந்த உரிமையை வயல் காட்டுக்கும் நீட்டியது 1947இல். இடையில் என்ன ஆண்டு? 1942! வீட்டிலும் நகையிலும் பங்கு கேட்கலாம், காட்டில் கேட்க முடியாது என்றிருந்த அந்த இடைவெளியில் இந்த நாவல் வந்திருக்கிறது. நாவலாசிரியர் தீர்ப்பைப் படித்துவிட்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. நாவலில் சட்டப்பேச்சே பெரிதாகக் கிடையாது. அந்தப் பெண் எதன்மேல் நின்று பேசுகிறாள் என்பது மட்டும் தெரிகிறது. காலுக்குக் கீழே சட்டம் இல்லை, சாதிசனம் இல்லை, துணைக்கு வருபவன் கெட்டியப்பன் போன்ற ஓர் ஆள். நியாயமான கோரிக்கைக்குத் தப்பான துணை அமைந்தால் ஊர் எதைப் பேசும்? துணையைப் பற்றித்தான் பேசும். கோரிக்கை காணாமல் போய்விடும். முடிவைச் சொல்ல மாட்டேன். சின்ன நாவல்தான், படித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் அம்மா விஷயம். 1956இல் வாரிசுரிமைச் சட்டம் வந்தது. 1989இல் தமிழ்நாடு ஒரு திருத்தம் கொண்டுவந்து, அப்போது திருமணமாகாதிருந்த மகள்களுக்கு மகன்களோடு சமமாக, பிறப்பாலேயே, பரம்பரைச் சொத்தில் பங்கு கொடுத்தது. 2005இல் நாடு முழுவதற்கும் எல்லா மகள்களுக்கும் அது விரிந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் மிச்சமிருந்த சந்தேகத்தையும் தீர்த்து வைத்தது. சட்டம் இப்படி ஒவ்வொரு படியாக ஏறி வர, பதிவு அலுவலகத்தில் என் மேசைக்கு வந்தவை என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரங்கள், அதாவது தம் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரங்கள். அண்ணன் தம்பிகள் முன்னே, சகோதரிகள் பின்னே. ‘படித்துப் பார்த்தீர்களா, மனம் ஒப்பித்தான் எழுதிக் கொடுக்கிறீர்களா?’ என்று கேட்பேன். தலை அசையும். ‘நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே’ என்று பதிலை வேறு யாராவது சொல்வார்கள். இடது பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு அடுத்த பத்திரத்தை எடுப்பேன். என் வேலை அவ்வளவுதான்.

உங்கள் அம்மா வாய் மூடிக்கொள்வது வெட்கத்தால் இருக்காது. பிறந்த வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்குக் கொடுத்த விலை அந்தக் கையெழுத்து. விலையைச் சத்தம் போட்டுச் சொன்னால் வாங்கிய பொருளின் மரியாதை போய்விடும் என்று நினைக்கிறார் போலும். அவரிடம் வாதாடாதீர்கள். ‘நாகம்மாள்’ புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: பழைய படங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறேன். என் அக்கா திட்டுகிறாள். தவறா? – பொறியியல் மாணவர்

எந்தப் படம் என்பதைப் பொறுத்தது, தம்பி. சில படங்களை நான்கு மடங்கில் பார்த்தாலும் நஷ்டமில்லை. சிலவற்றுக்கு அதுவே உதவி.

ஆனால் இத்தாலியப் படமான ‘பைசிகிள் தீவ்ஸ்’ (1948, இயக்கம் விட்டோரியோ டி சிக்கா) போன்றவற்றில் கை வைக்காதீர்கள். வேலைக்குச் சைக்கிள் வேண்டும், சைக்கிள் அடகில் இருக்கிறது. மனைவி படுக்கை விரிப்புகளை உருவி மூட்டை கட்டுகிறாள். அடகுக் கடையில் பணம் வாங்கிய பின், அந்த மூட்டையைக் கடை ஆள் அடுக்கில் வைக்க ஏறுகிறான். ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான். கூரை வரைக்கும் மூட்டைகள். எத்தனை வீட்டில் இன்றைக்கு விரிப்பு இல்லாமல் படுக்கிறார்கள் என்று ஒருவரும் வாயால் சொல்வதில்லை. அவன் ஏறும் நேரம்தான் அதைச் சொல்கிறது. அந்த நேரத்தைச் சுருக்கினால் கடையில் நான்கு மூட்டைகள் இருந்ததாகத்தான் மனத்தில் பதியும்.

கேள்வி: வீட்டுக் கடன் வாங்கி மனை வாங்கியிருக்கிறோம். ‘கட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால் பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தைப் பார்த்துவிடாதீர்கள்’ என்று நண்பர் பயமுறுத்துகிறார். பார்க்கலாமா? – புதுமணத் தம்பதி

பார்த்துவிட்டுக் கட்டுங்கள். பார்க்காமல் கட்டினால் அதே படத்தை உங்கள் செலவில் எடுக்க வேண்டிவரும்.

1988இல் வந்த படம். பாட்டு கிடையாது, இளையராஜா தம்முடைய ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பின் இசையைப் பின்னணிக்குப் பயன்படக் கொடுத்தார். சுதாவாக அர்ச்சனா, தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வாடகைக்கு வேறு வீடு தேடி அலுத்துப்போய், இருக்கும் மனையில் ஒரு பகுதியை விற்றுச் சொந்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று அலுவலக நண்பர் யோசனை சொல்ல, கட்டத் தொடங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. வில்லன் என்று ஒருவனும் இல்லை. வரைபட அனுமதி, அதற்குக் கொடுக்க வேண்டியது, கடன், ஒப்பந்ததாரர், சிமெண்டு மூட்டை, நகை, மீண்டும் கடன். மங்கம்மா என்ற சித்தாள் வேடத்தில் ‘பசி’ சத்யா. வீட்டு உரிமையாளருக்காக வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள் அங்கே கல் சுமக்கிறவள்தான். இதை நான் எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவேன்.

இந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் ஒப்பந்ததாரரைத் திட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். நான் திட்டுவது வேறு இடத்தில். முக்கால்வாசி வீடு எழும்பிய பிறகு குடிநீர் வாரியத்திலிருந்து வந்து, இந்த நிலம் எங்களுக்காக எடுக்கப்பட்டுவிட்டது என்கிறார்கள். எப்படி இதைப் பார்க்காமல் விட்டார்கள் என்று என்னிடம் பலர் கேட்டதுண்டு. தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் விவரமாகவே சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். வில்லங்கச் சான்று என்பது பதிவு அலுவலகத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல். விற்றது, அடமானம் வைத்தது, பாகம் பிரித்தது எல்லாம் அதில் தெரியும். அரசு நில எடுப்புக்கு அறிவிக்கை வெளியிட்டிருந்தால் அது அரசிதழில் இருக்கும், வருவாய்த் துறையில் கோப்பாக இருக்கும். வில்லங்கச் சான்றில் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ‘வில்லங்கம் இல்லை’ என்று முத்திரையோடு ஒரு தாளைக் கையில் வாங்கியவர் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுதாவின் நினைவு வரும். ஒரு துறை அனுமதி கொடுக்கிறது, இன்னொரு துறை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே அரசுதான். நடுவில் செங்கல் வாங்கியது மட்டும் அவள்.

பாலு மகேந்திரா தம் தாயார் வீடு கட்டிய நாட்களின் நினைவிலிருந்து இந்தப் படம் பிறந்ததாகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் எரிச்சல்கூட அவ்வளவு துல்லியமாக இருக்கிறது. கல்யாணமான புதிதில் வீடு கட்டுகிறீர்கள். அர்ச்சனாவும், சுதாவின் காதலனாக வரும் பானுசந்தரும் பேசிக்கொள்ளும் காட்சிகளை, குறிப்பாகக் கடைசிப் பகுதியில், இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். கூடவே தாசில்தார் அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் நில எடுப்பு ஏதும் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அரசுப் பணியில் சேர்ந்திருக்கிறேன். அலுவலக வாழ்க்கையைப் பற்றி நல்ல படம் ஒன்று சொல்லுங்கள். – இளநிலை உதவியாளர்

அகிரா குரோசாவாவின் ‘இகிரு’, ஜப்பான், 1952. மக்கள் குறை கேட்கும் பிரிவின் தலைவர் வாத்தநாபே. தலைக்கு மேல் கோப்பு, கையில் முத்திரை. கழிவுநீர் தேங்கிய குட்டையை மூடித் தரச் சொல்லிச் சில பெண்கள் வருகிறார்கள். இந்தப் பிரிவு அந்தப் பிரிவுக்கு அனுப்ப, அது சுகாதாரத்துக்கு அனுப்ப, சுற்றிச் சுற்றிக் கடைசியில் தொடங்கிய ஜன்னலுக்கே வந்து நிற்கிறார்கள். சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் அந்தக் காட்சியை எல்லாத் துறைப் பயிற்சி வகுப்பிலும் போட்டுக் காட்டலாம். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மனுவை அடுத்த பிரிவுக்கு அனுப்புவார்கள்.

தமக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு அவர் அந்த இடத்தில் குழந்தைகளுக்குப் பூங்கா அமைக்கிறார். எல்லோரும் இதைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் படத்தின் உயிர் அதற்குப் பின்னால் இருக்கிறது. அவருடைய சாவு வீட்டில் சக ஊழியர்கள் குடித்துவிட்டு, இனி நாமும் அவரைப் போல உழைப்போம் என்று உணர்ச்சிவசப்பட்டுச் சபதம் செய்கிறார்கள். மறுநாள் அலுவலகம் திறக்கிறது. சபதம் என்ன ஆயிற்று என்பதைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேர்ந்திருக்கும் இடத்திலும் பார்ப்பீர்கள். 2022இல் ‘லிவிங்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் மீண்டும் எடுத்தார்கள். கசுவோ இஷிகுரோவின் திரைக்கதை. நன்றாகவே இருக்கிறது, முதலில் ஜப்பானியப் படத்தைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான். ‘அவள் ஒரு தொடர்கதை’ பார்த்தேன். கவிதாவைக் கண்டு எல்லோரும் உருகுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு ஏதாவது கோளாறா? – தனியார் நிறுவன ஊழியர்

கோளாறு உருகுகிறவர்களிடம் இருக்கிறது.

கே. பாலசந்தர் 1974இல் எடுத்த அந்தப் படத்தில் கவிதாவாக நடித்த சுஜாதாவும் உருகவில்லையே! சுள்ளென்று பேசுகிறாள், கணக்குக் கேட்கிறாள், அண்ணனைச் சொல்லால் அடிக்கிறாள். துறவியாகிப் போன அப்பா, குடிகார அண்ணன், அவன் மனைவி மக்கள், விதவைத் தங்கை, பார்வையற்ற தம்பி என்று ஒரு சம்பளத்தில் இத்தனை வயிறுகள். தியாகி என்று நாம்தான் அவளுக்குப் பட்டம் கொடுத்தோம். பட்டம் கொடுத்துவிட்டால் யாரும் வேலைக்குப் போக வேண்டியதில்லை பாருங்கள்.

ரித்விக் கட்டக்கின் வங்காளப் படம் ‘மேகே டாக்கா தாரா’ (1960) கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிவினையில் இடம்பெயர்ந்த குடும்பம், நீதா என்ற மூத்த மகள். தொடக்கத்திலேயே அவள் செருப்பு வார் அறுந்துபோகிறது. புதிது வாங்கிக்கொள்ளாமல் வீட்டில் உள்ளவர்களுக்கு வாங்கித் தருகிறாள். கட்டக் அவளைக் காசநோய் வரை கொண்டுபோய், ‘நான் வாழ ஆசைப்பட்டேன்’ என்று மலை எதிரொலிக்கக் கத்த வைத்துவிடுகிறார். பாலசந்தர் தம் நாயகியைச் சாகவிடவில்லை, மறுபடியும் வேலைக்கு அனுப்புகிறார். எது கொடூரம் என்று எனக்கும் என் தோழிக்கும் இன்னும் சண்டை ஓயவில்லை. இரண்டாவதுதான் என்பது என் கட்சி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கவிதாவிடம் சம்பளம் இருந்தது. அவள் பெயரில் எதுவும் சேர்ந்ததாகப் படத்தில் நான் பார்க்கவில்லை. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை, சிறிதாக இருந்தாலும், வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமில்லாத கணக்கு ஒன்றில் போட்டு வையுங்கள். சுயநலம் என்று சொன்னால், ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போங்கள்.

கேள்வி: பழைய படங்கள் எல்லாமே நல்ல படங்கள்தானே? – ஓய்வு பெற்ற வாசகர்

இல்லை, ஐயா. மோசமானவை மறந்துபோயின. அவ்வளவுதான்.

கேள்வி: சிறு வயதில் ரசித்த படங்களை இப்போது என் மகளோடு பார்க்கும்போது கூச்சமாக இருக்கிறது. பெண்ணை அடக்குவதை வீரமாகக் காட்டியிருக்கிறார்கள். தவிர்த்துவிடலாமா? – இல்லத்தரசி

‘பட்டிக்காடா பட்டணமா’வை (1972) எடுத்துக்கொள்ளுங்கள். படித்த, பணக்காரத் திமிர் பிடித்த மனைவியை நாட்டுப்புறக் கணவன் வழிக்குக் கொண்டுவருகிறான். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குத்தான். கைதட்டியவர்களில் பெண்களும் உண்டு, நானும் உண்டு. பாட்டு வந்தால் இன்றைக்கும் வானொலியின் ஒலியைக் கூட்டுவேன். அதற்காகக் கூசவில்லை.

மகளோடு சேர்ந்து பாருங்கள் என்பதே என் பதில். வெட்டி ஒட்டிய தூய பதிப்பு எதுவும் வேண்டாம். எந்த இடத்தில் தியேட்டர் கைதட்டியது என்று அவளுக்குச் சொல்லுங்கள். இன்னொன்று செய்யுங்கள். 1978இல் ருத்ரய்யா இயக்கிய ‘அவள் அப்படித்தான்’ படத்தையும் காட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே ஆறே வருடம். ஸ்ரீபிரியா நடித்த மஞ்சு யாருக்கும் வழிக்கு வருவதில்லை. பெண் விடுதலை பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த முற்போக்கு இளைஞனுக்கே அவளைப் புரிந்துகொள்ள முடியவில்லை. பெண்ணைக் கேவலமாகப் பேசுகிறவனைக் காட்டிலும், அனுதாபத்தோடு பேசுகிறவனை இந்தப் படம் கூர்ந்து பார்க்கிறது. அந்த இளைஞனை நான் இன்றும் கூட்டங்களில் பார்க்கிறேன்; இப்போது அவருக்கு நரைத்திருக்கிறது.

கேள்வி: கதையைப் படித்துவிட்டுப் படம் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா? – புத்தகக் கடை ஊழியர்

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979), புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து எடுக்கப்பட்டதாகப் படத்திலேயே போட்டிருக்கும். எந்த வரிசையில் வேண்டுமானாலும் போங்கள். ஒன்றைத் தெரிந்துகொண்டதால் மற்றது கெட்டுவிடாத அளவுக்கு மகேந்திரன் தூரமாகப் போய்விட்டார். விதை மட்டும் அங்கே. மரம் முழுக்க இவருடையது.

கேள்வி: ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையை எங்கள் வாசகர் வட்டத்தில் பேசினோம். ‘தலையில் தண்ணீரை ஊற்றிச் சுத்தம் செய்வது’ இன்றைக்கு ஒவ்வாத பழைய கருத்து என்று இளைஞர்கள் தள்ளிவிட்டார்கள். உங்கள் கருத்து? – நூலகர்

இளைஞர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அழுக்கே படாதவளைக் கழுவுவானேன்? ஆனால் 1966இல் ‘ஆனந்த விகடன்’ வாசகர்கள் எதற்குக் கொதித்தார்கள் என்று சொல்லுங்கள்: இவ்வளவு சுலபமாக ஒரு தாய் மன்னிக்கலாமா என்பதற்கு. மழையில் காரில் ஏறிய பெண்ணுக்கு நேர்ந்ததை ஊருக்குச் சொல்லாமல், அந்தத் தாய் ஒரு குடம் தண்ணீரோடு முடித்துக்கொள்கிறாள். அந்தத் தண்ணீர், மகளுக்கு என்பதைவிடத் தாய்க்குத் தேவைப்பட்டது என்று நான் படிக்கிறேன்.

அதைவிட முக்கியம், ஜெயகாந்தனே அந்த இடத்தில் நிற்கவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். நாவலின் நாயகி கங்காவை அண்ணன் துரத்துகிறான், மாமா ஆதரிக்கிறார், படிக்க வைக்கிறார், வேலை கிடைக்கிறது. அப்புறம் அந்த மாமா, தாம் போட்ட சோற்றுக்குப் பதிலாகக் கங்காவின்மேல் ஓர் உரிமையை வைத்துக்கொண்டு வளைய வருகிறார். அவமானத்தைவிட ஆதரவு எவ்வளவு ஆபத்தானதாக இருக்கக்கூடும் என்பதை இத்தனை நுட்பமாக எழுதிய தமிழ் நாவல்கள் குறைவு. அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது. பீம்சிங் படமாக்கியபோது லட்சுமிக்குத் தேசிய விருது. நாவலில் கங்காவே அந்தச் சிறுகதையை ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு, ‘என் அம்மா ஏன் இப்படிச் செய்யவில்லை?’ என்று கேட்கும் நிலைக்கு வருகிறாள். உங்கள் இளைஞர்களின் வாதத்துக்குப் பதிலை எழுத்தாளரே இன்னொரு புத்தகமாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு அதைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். படிக்காமல் வருகிறவர்களுக்குப் பேச வாய்ப்புக் கொடுக்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும்.

கேள்வி: சுற்றுச்சூழல் நாவல் என்று பரிந்துரைத்தார்களே என்று சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ எடுத்தேன். பக்கம் பக்கமாக மரம், கொடி, புதர் வெட்டுகிறார்கள். கதை எப்போது தொடங்கும்? – வங்கி ஊழியர்

தொடங்கிவிட்டது, வெட்டுவதுதான் கதை.

1969இல் வந்த நாவல். வெளிநாட்டில் பொருள் சேர்த்துத் திரும்பும் சிதம்பரம், கரும்பாலை வைப்பதற்காக ஒரு வனத்தை வாங்கி அழிக்கிறான். அவன் அயோக்கியன் இல்லை, உழைப்பாளி. எந்தக் கொடியை எங்கே அறுத்தால் எது சாயும் என்று யோசிக்கிற அவன் மூளையை நாமும் ரசிக்கத் தொடங்கிவிடுகிறோம். நம்மையும் அரிவாள் பிடிக்க வைப்பதற்குத்தான் அத்தனை பக்கம். பிறகு நெருப்பு வைக்கிறான். ‘காட்டைக் காப்போம்’ என்று ஒரு வரி பிரசாரம்கூட கந்தசாமி எழுதவில்லை. எழுதியிருந்தால் நீங்கள் தலையாட்டிக்கொண்டே சுலபமாகப் படித்து முடித்திருப்பீர்கள்.

பதிவு அலுவலகத்தில் இருந்தவள் என்பதால் எனக்கு இன்னொரு சுவையும் உண்டு. நிலம் முறைப்படி கிரயம் ஆகிவிட்டது, சட்டப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கே நின்ற புளியமரங்களின் புளியைத்தான் ஊர் முழுக்கச் சமையலுக்குப் பயன்படுத்தியது. அதற்கு எந்தப் பத்திரத்திலும் ஒரு வரி கிடையாது. மரங்கள் எரிந்த பிறகு வெளியூர்ப் புளியை வாங்கித் தருகிறான். அதைப் பற்றி ஒரு கிழவி என்ன சொல்கிறாள் என்பதற்காகவே அந்தப் புத்தகம் முழுவதும் எழுதப்பட்டது போலிருக்கும். வெட்டும் பக்கங்களில் பொறுமை போய்விட்டதென்றால் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுங்கள். நாவலாசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, அதற்குப் பிறகு நீங்களே பின்னால் திரும்பி ஒவ்வொரு மரமாக எண்ணத் தொடங்குவீர்கள்.